செய்திமடல் போய்ச் சேரவில்லையா? சின்னக் கடைக்காரர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

கும்பகோணத்தில் எங்களுடையது சின்னக் கடை. பாரம்பரிய அரிசி, செக்கு எண்ணெய், பனைவெல்லம் விற்கிறோம். வாங்குபவர்களில் பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். மீதிப் பேர் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், டொரோன்டோ என்று சிதறி இருப்பவர்கள். ஊருக்கு வரும்போது ஒருமுறை வாங்கிப் போவார்கள், அப்புறம் கூரியரில் கேட்பார்கள். இவர்களுக்காகத்தான் மாதம் ஒரு மின்னஞ்சல் செய்திமடல் அனுப்பத் தொடங்கினோம்.

வாட்ஸாப் இருக்கும்போது இது எதற்கு என்று பலர் கேட்டார்கள். கருப்புக் கவுனி அரிசியை எப்படி வேகவைப்பது என்று வாட்ஸாப்பில் எழுதினால் அடுத்த நாளே காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடுகிறது. மின்னஞ்சலில் எழுதியதை ஆறு மாதம் கழித்தும் தேடி எடுக்கிறார்கள். எங்களுக்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

தொடங்கிய முதல் ஆண்டில் நாங்கள் பட்ட சிக்கல்களையும், பிறகு பக்கத்துக் கடைக்காரர்களுக்கு உதவப்போய்ப் பார்த்த சிக்கல்களையும் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். செய்தால் எது சரி செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

"போய்விட்டது என்று காட்டுகிறது. ஆனால் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை"

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாடிக்கையாளரிடம் கேட்கும் முன் நீங்களே சோதியுங்கள். இதுவரை உங்கள் கடையிலிருந்து ஒரு மடலும் வாங்காத உறவினர்கள் இரண்டு மூன்று பேரின் முகவரிக்கு அனுப்புங்கள். ஒன்று ஜிமெயில், ஒன்று யாகூ, ஒன்று அவுட்லுக் என்று இருந்தால் நல்லது. உங்கள் சொந்த முகவரிக்கே அனுப்பிப் பார்ப்பது சரியான சோதனை ஆகாது. ஸ்பேம் பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

அடுத்து, அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். பிரெவோ, மெயில்சிம்ப், ஜோஹோ கேம்பெயின்ஸ் போன்ற, மொத்தமாக மடல் அனுப்பித் தரும் ஏதோ ஒரு சேவையில் கணக்குத் திறந்து, அனுப்புநராக உங்கள் ஜிமெயில் முகவரியையே கொடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. டொமைன் என்பது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர். ஜிமெயில் என்ற டொமைன் கூகுளுடையது. அந்தப் பெயரில் வேறொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து மடல் வந்தால், வாங்கும் இடத்தில் அது யாரோ ஒருவர் இன்னொருவரின் முத்திரையைக் குத்தி அனுப்பிய கடிதமாகத்தான் தெரியும். யாகூ 2014லேயே தன் பெயரில் இப்படி வருவதை நிராகரிக்கச் சொல்லி அறிவித்துவிட்டது. 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாகூவும் விதிகளை இன்னும் இறுக்கின.

இதற்குக் குறுக்கு வழி கிடையாது. கடைக்கென்று ஒரு டொமைன் வாங்குங்கள். டாட் இன் டொமைனுக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். இணையத்தளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டொமைன் மட்டும் இருந்தால் போதும். மடல் அனுப்ப வேண்டும் என்றால் நான் முதலில் செலவு செய்யச் சொல்வது இதற்குத்தான். அழகான வடிவமைப்பெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டொமைன் சொந்தமாக இருந்தும் ஸ்பேமுக்கே போகிறதா? அந்தச் சோதனை மடலை ஜிமெயிலில், கைப்பேசியில் இல்லாமல் கணினியில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் அசல் செய்தியைக் காட்டும் வரியை அழுத்துங்கள். மேலே ஒரு சின்ன அட்டவணை வரும். அதில் எஸ்.பி.எஃப், டி.கே.ஐ.எம், டிமார்க் என்று மூன்று வரிகளும், ஒவ்வொன்றுக்கும் பாஸ் அல்லது ஃபெயில் என்ற முடிவும் இருக்கும். ஒரு வரியே காணவில்லை என்றால் அதை நீங்கள் அமைக்கவே இல்லை என்று பொருள்.

இந்த மூன்றும் உங்கள் டொமைனின் டி.என்.எஸ் பக்கத்தில் (டொமைன் வாங்கிய இடத்தில் அதன் அமைப்புகளை மாற்றும் பக்கம்) எழுதி வைக்கும் குறிப்புகள். எஸ்.பி.எஃப் என்பது "என் பெயரில் அனுப்ப இந்தக் கணினிகளுக்கு அனுமதி உண்டு" என்ற பட்டியல். டி.கே.ஐ.எம் ஒவ்வொரு மடலிலும் போடப்படும் கையெழுத்து. டிமார்க், இவை இரண்டும் பொருந்தாத மடலை என்ன செய்வது என்று வாங்குபவருக்குச் சொல்லும் வரி.

எஸ்.பி.எஃப் ஃபெயில் ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் குறிப்பு இரண்டு இருக்கிறதா என்பது. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். டொமைன் வாங்கியபோது மின்னஞ்சலுக்காக ஒன்று தானாக வந்திருக்கும், செய்திமடல் சேவை சொன்னது என்று நீங்கள் இன்னொன்றைச் சேர்த்திருப்பீர்கள். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டில் இருப்பதையும் ஒரே வரியாகச் சேர்த்து எழுதிவிட்டு மற்றொன்றை அழித்துவிடுங்கள்.

டி.கே.ஐ.எம் ஃபெயில் ஆனால் டி.என்.எஸ் பக்கத்தில் அந்தக் குறிப்பின் பெயர்க் கட்டத்தைப் பாருங்கள். எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது இதுதான். சேவை நிறுவனம் கொடுத்த பெயரில் கடைசியில் எங்கள் டொமைனும் இருந்தது, அதை அப்படியே ஒட்டிவிட்டோம். ஆனால் டி.என்.எஸ் பக்கமும் டொமைன் பெயரைத் தானாக ஒருமுறை சேர்த்துக்கொள்ளும். ஆக, பெயர் இரட்டிப்பாகி யாரும் தேடாத ஒரு முகவரியில் அந்தக் கையெழுத்துச் சாவி உட்கார்ந்திருந்தது. கட்டத்தில் டொமைனுக்கு முந்தைய பகுதியை மட்டும் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

இன்னொரு நுட்பமும் உண்டு. எஸ்.பி.எஃப் பாஸ் என்று காட்டும், ஆனால் டிமார்க் ஃபெயில் என்று வரும். காரணம், அந்தப் பாஸ் சேவை நிறுவனத்தின் டொமைனுக்கானது, உங்களுடையதற்கு இல்லை. இந்த நிலையில் டி.கே.ஐ.எம் உங்கள் டொமைன் பெயரில் பாஸ் ஆனால் டிமார்க்கும் தானாகப் பாஸ் ஆகிவிடும். எனவே மூன்றில் எதற்கு அதிகம் மெனக்கெடுவது என்றால் டி.கே.ஐ.எம்முக்குத்தான்.

டிமார்க்கில் தொடக்கத்திலேயே நிராகரிக்கச் சொல்லி எழுதிவிடாதீர்கள். "ஒன்றும் செய்யாதே" என்ற நிலையில் வைத்துச் சில வாரம் பாருங்கள். அவசரப்பட்டால் நீங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில்லும் திரும்பிவிடலாம்.

மாற்றம் செய்த உடனே மறுபடி சோதித்துவிட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். டி.என்.எஸ் மாற்றம் பரவச் சில நிமிடமும் ஆகலாம், ஒரு நாள் இரண்டு நாளும் ஆகலாம்.

சரி, மூன்றும் பாஸ். அப்போதும் ஸ்பேமா? புது டொமைனுக்கு இன்னும் நற்பெயர் சேரவில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு யாரும் உடனே கடன் கொடுப்பதில்லை, அதுபோலத்தான். உங்கள் மடலை நிச்சயம் திறப்பார்கள் என்று தெரிந்த முப்பது நாற்பது பேருக்கு மட்டும் முதலில் அனுப்புங்கள். ஸ்பேமில் கிடந்தால் "ஸ்பேம் அல்ல" என்று குறிக்கச் சொல்லுங்கள், ஒரு வரி பதில் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இணைப்புகளைச் சுருக்கிக் கொடுக்கும் இலவச முகவரிகளையும் தவிர்த்துவிடுங்கள். மோசடிக்காரர்களும் அவற்றையே பயன்படுத்துவதால் அவர்கள் கெடுத்த பெயர் உங்கள் மடலுக்கும் ஒட்டும்.

"ஜிமெயிலிலிருந்தே அனுப்பினேன், நடுவில் நின்றுவிட்டது"

சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பெறுநர்தான் வரம்பு. தாண்டினால் 24 மணி நேரம் வரை அனுப்பவிடாது. காத்திருந்தால் தானாகத் திறந்துவிடும்.

ஆனால் உண்மையான ஆபத்து அந்த வரம்பில் இல்லை. எங்கள் முதல் மடலை நான் ஜிமெயிலில்தான் அனுப்பினேன். மறைநகலில் (பிசிசி) போட வேண்டிய இருநூறு சொச்சம் முகவரிகளை நகல் (சிசி) கட்டத்தில் போட்டுவிட்டேன். எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அன்று மாலையே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அழைத்தார். "தம்பி, என் முகவரி யார் யார்கிட்டயோ போயிருக்கே. என்னைக் கேட்டுத்தான் கொடுத்தீங்களா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. அன்றே தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஐம்பது பேராக இருந்தாலும் செய்திமடல் சேவை வழியாகவே அனுப்புங்கள் என்று எல்லாரிடமும் நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். அதில் ஒவ்வொருவருக்கும் தனி மடலாகப் போகும். சின்னப் பட்டியலுக்குப் பல சேவைகளில் கட்டணமே இல்லை.

"நிறைய முகவரி திரும்பி வருகிறது"

கல்லாவில் ஒரு நோட்டு வைத்து எழுதச் சொன்னீர்களா? அப்படியென்றால் இது வரத்தான் செய்யும். அவசரத்தில் எழுதியது எண் 1 ஆ, ஆங்கிலச் சிற்றெழுத்து l ஆ என்று தெரியாது. ஜிமெயில் என்பதில் இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கும், டாட் காம் என்பது டாட் கான் ஆகியிருக்கும். முதல் பட்டியலை அனுப்பும் முன் ஒருவர் உட்கார்ந்து கண்ணால் பார்த்தாலே பாதிப் பிழைகளைப் பிடித்துவிடலாம்.

திரும்பி வருவதில் இரண்டு வகை உண்டு. முகவரியே இல்லை என்று வருவது நிரந்தரம், அதை உடனே நீக்க வேண்டும். பெட்டி நிரம்பிவிட்டது, இப்போது முடியவில்லை என்று வருவது தற்காலிகம். அதை இரண்டு மூன்று முறை பார்க்கலாம். நிரந்தரமாகத் திரும்புவதற்கே மறுபடி மறுபடி அனுப்பினால், விலைக்கு வாங்கிய பட்டியலை வைத்திருக்கிறார் என்றுதான் ஜிமெயில் உங்களைப் பற்றி நினைக்கும்.

இதற்கு நிரந்தரத் தீர்வு உறுதிப்படுத்தும் மடல். ஒருவர் பதிந்ததும் "நீங்கள்தானே கேட்டீர்கள்?" என்று ஒரு மடல் தானாகப் போகும். அவர் அதை அழுத்திய பிறகே பட்டியலில் சேர்வார். சிலர் அழுத்தாமல் விட்டுவிடுவார்கள், பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும். எனக்கு அதில் வருத்தமில்லை. அழுத்தியவர்கள் உண்மையிலேயே படிக்கிறார்கள்.

"ஸ்பேம் என்று புகார் செய்திருக்கிறார்கள், சேவை நிறுவனம் எச்சரிக்கை அனுப்பியது"

புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது ஜிமெயில். 0.1க்குக் கீழே இருப்பதே நல்லது. சின்னக் கடைக்கு இது எவ்வளவு இறுக்கம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 பேருக்கு அனுப்பி ஒரே ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்தினால் 0.33 சதவீதம். ஒரு மடலில் ஒரு புகார் வந்ததால் எல்லாம் முடிந்துவிடாது. மாதாமாதம் வந்தால்தான் சிக்கல்.

ஏன் அழுத்துகிறார்கள்? நான் பார்த்தவரை இரண்டு காரணம். ஒன்று, அவர்கள் கேட்கவே இல்லை. கூரியர் அனுப்ப வாங்கிய முகவரியை மடலுக்கும் எடுத்துக்கொண்டோம். அது பில்லுக்காகக் கொடுத்த முகவரி. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்கிறது: எந்த நோக்கத்துக்கு ஒப்புதல் வாங்கினோமோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்தலாம், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம், விலகும் வழி கண்ணில் படவில்லை. அந்த இணைப்பைச் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். "இனி வேண்டாம் என்றால் இங்கே அழுத்துங்கள்" என்று தமிழில், மற்ற எழுத்தின் அளவிலேயே போடுங்கள். விலகிப் போகிறவர் நாளை கடைக்கு வருவார். ஸ்பேம் என்று அழுத்தியவரோ மற்ற வாடிக்கையாளர்களுக்கும் மடல் போகாமல் செய்துவிடுவார்.

"தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது"

எப்படி உடைகிறது என்பதைப் பொறுத்து காரணம் மாறும்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிறுக்கியதுபோல் தெரிந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. நோட்டீஸ் அடிக்கும் கடையில் வாங்கிய கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இப்படித்தான் வரும். அவர்கள் கணினியில் தமிழாகத் தெரிவது அந்த எழுத்துரு அங்கே இருப்பதால். எல்லாக் கணினியிலும் தெரியும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள்.

பொருள் வரியில் (சப்ஜெக்ட்) மட்டும் நடுவில் கருப்புச் சாய்சதுரமும் கேள்விக்குறியும் வந்தால், அனுப்பும் மென்பொருள் தமிழ் எழுத்தின் நடுவில் வெட்டிவிட்டது. மின்னஞ்சலின் தலைப்பு வரிகள் நீளமானால் துண்டு துண்டாகத்தான் போகும். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆவதால், கவனமில்லாத மென்பொருள் அந்த மூன்றையும் பிரித்துவிடும். பொருள் வரியைச் சுருக்கிப் பாருங்கள். அப்படியும் வந்தால் சேவையை மாற்றுவதே நல்லது.

தலைப்பில் கி, டீ போன்ற எழுத்துகளின் மேல்வளைவு வெட்டுப்பட்டால் அது வார்ப்புருவின் (டெம்ப்ளேட்) கோளாறு. ஆங்கிலத்துக்கென்று செய்த வார்ப்புருவில் வரி இடைவெளி குறைவாக இருக்கும். அதை 1.6 அளவுக்குக் கூட்டுங்கள்.

மடலின் கடைசிப் பகுதியே காணவில்லையா? ஜிமெயில் 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலை வெட்டி, முழுவதும் பார்க்க ஒரு இணைப்பு மட்டும் கொடுக்கும். "நெல்" என்ற சின்னச் சொல்லுக்கே 12 பைட் ஆகிறது, ஆங்கிலத்தில் நாலெழுத்துச் சொல் 4 பைட்தான். ஆனாலும் தமிழ் எழுத்து மட்டுமே அந்த அளவைத் தாண்டிவிடாது. வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் குறிகள்தான் உண்மையில் எடையைக் கூட்டுகின்றன. வெறும் உரையாக ஒட்டிவிட்டு, தடித்த எழுத்தையும் நிறத்தையும் சேவையின் பக்கத்திலேயே போடுங்கள். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வெட்டுப்படும் பகுதியில்தான் விலகும் இணைப்பும் இருக்கிறது. அது கண்ணில் படாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார், மேலே சொன்ன புகார் எச்சரிக்கை வரும்.

இந்தத் தொல்லை எல்லாம் வேண்டாம் என்று முழு மடலையும் ஒரே படமாகச் செய்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். படம் தடுக்கப்பட்ட பெட்டியில் அது வெறும் வெள்ளைக் கட்டமாகத்தான் தெரியும். தேடினாலும் கிடைக்காது, பார்வையற்றவரின் கைப்பேசி அதை வாசித்துக் காட்டவும் முடியாது. எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும், அரிசியின் படம் மட்டும் படமாக இருக்கட்டும்.

"ஜிமெயிலின் விளம்பரத் தாவலுக்குள் போய்விடுகிறது"

இது பிழையே இல்லை. அங்கே போனாலும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. தந்திரம் செய்து முதன்மைத் தாவலுக்குக் கொண்டுவர நேரத்தைச் செலவழிக்காதீர்கள். விரும்பிப் படிப்பவர் ஒருமுறை இழுத்துப் போட்டுவிட்டால் அடுத்தது அங்கேயே வரும்.

"பாதிக்கு மேல் திறந்ததாகக் காட்டுகிறது, ஆர்டர் ஒன்றும் வரவில்லை"

மடலில் ஒளிந்திருக்கும் ஒரு புள்ளி அளவுப் படம் இறங்கினால் திறந்ததாகக் கணக்கு. 2021 செப்டம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து, ஆப்பிள் மெயில் செயலி அதன் தனியுரிமைப் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டவர்களுக்கு, அவர் படித்தாலும் படிக்காவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் ஐபோன் அதிகம் என்பதால் எங்கள் கணக்கு நன்றாகவே வீங்கியிருந்தது.

அந்த எண்ணை விட்டுவிடுங்கள். எத்தனை பேர் இணைப்பை அழுத்தினார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று பாருங்கள். நான் முக்கியமாகப் பார்ப்பது பதிலைத்தான். அதனால் அனுப்புநர் முகவரியில் "பதில் அனுப்பாதீர்" வகைப் பெயர் வைக்காதீர்கள். யாராவது படிக்கிற உண்மையான பெட்டியாக இருக்க வேண்டும்.

நேரத்தையும் பாருங்கள். இங்கே இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு அனுப்பினால் சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. மாலை ஏழுக்கு அனுப்பினால் அங்கே ஒன்பதரை, லண்டனில் மதியம், டொரோன்டோவில் காலை. எங்களுக்கு அது ஒத்துவந்தது.

"பதிவு செய்ய ஆளே வருவதில்லை"

"எங்கள் செய்திமடலில் இணையுங்கள்" என்று எழுதினால் யாரும் இணைய மாட்டார்கள், நானும் இணைய மாட்டேன். என்ன கிடைக்கும் என்று சொல்லுங்கள். எங்கள் அரிசிப் பையில் ஒட்டும் சீட்டில் கியூஆர் குறியீட்டின் மேல் இப்படி எழுதியிருக்கிறோம்: "இந்த அரிசியை எப்படிச் சமைப்பது? மாதம் ஒரு கடிதம் அனுப்புகிறோம்." வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரிக்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும், குறியீடும் அப்போது கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். கல்லாவில் வைத்ததைவிட இதில்தான் அதிகம் பேர் வந்தார்கள்.

"இரண்டு மடல் அனுப்பினேன், மூன்றாவதுக்கு எழுத ஒன்றும் இல்லை"

இரண்டு மடலிலும் தள்ளுபடியை மட்டும் எழுதியிருப்பீர்கள். தள்ளுபடி தீர்ந்ததும் எழுத விஷயமும் தீர்ந்துவிடும்.

உங்கள் கடையில் ஒரே வாரத்தில் மூன்று பேர் கேட்ட கேள்வியை ஒரு தாளில் குறியுங்கள். எங்கள் தாளில் இருப்பவை: கவுனி ஏன் வேகவே மாட்டேன் என்கிறது (முந்தின இரவே ஊறப்போட வேண்டும்), மாப்பிள்ளைச் சம்பாவை இட்லிக்குப் போடலாமா, அரிசியில் வண்டு வந்தால் தூக்கிப்போட வேண்டுமா, பூங்கார் இந்த முறை ஏன் நிறம் மாறியிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு மடல். பதில் நமக்குத் தெரிந்ததுதான், கல்லாவில் நின்று தினமும் சொல்வதுதான். அதையே பேசுவதுபோல எழுத வேண்டும். முந்நூறு சொல்லுக்கு மேல் போக வேண்டாம்.

பொருள் வரியில் முக்கியமான சொல்லை முதலில் வையுங்கள். கைப்பேசித் திரையில் தமிழ் எழுத்து அகலமாக இடம் பிடிக்கும், பாதி வரிதான் தெரியும். "கவுனி வேகவில்லையா?" என்று தொடங்கினால் தேவைப்படுகிறவர் திறப்பார்.

கேள்வி வராத மாதங்களில் நெல் எங்கிருந்து வந்தது என்று எழுதுகிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம், பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை நெல் வாங்கிப் போகும் விவசாயி, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். எங்களுக்கு நெல் கொடுக்கும் குடும்பத்தின் வயலிலும் மாப்பிள்ளைச் சம்பா அப்படித்தான் வந்து சேர்ந்தது. இதை எழுதிய மாதம் யாருக்கும் தள்ளுபடி கொடுக்கவில்லை. ஆனால் பதினொரு பேர் பதில் எழுதினார்கள், அதில் நாலு பேர், தங்கள் தாத்தா என்ன நெல் போட்டார் என்று அம்மாவிடம் கேட்டு எழுதியிருந்தார்கள். அந்தப் பெயர்களைத்தான் அடுத்த மடலில் போடப்போகிறேன், அவர்களிடம் கேட்டுவிட்டு.